ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏர் ஃபில்டர்: ஒரிஜினலா, ஆஃப்டர்மார்க்கெட்டா? வாங்கும் முன் படிக்க ஒரு வழிகாட்டி

என்னிடம் இருப்பது நிசான் 370ஸீ. பத்து நிமிட வேலைதானே என்று ஏர் ஃபில்டரில் கை வைத்தேன். முடிக்க இரண்டு மாதம் ஆனது. வாங்கியது பாதி, எரிந்தது செக் இன்ஜின் விளக்கு, தேவையே இல்லாத ஒரு சென்சாருக்குக் காசு கொடுக்க இருந்தேன், கடைசியில் பழையபடி காகித ஃபில்டருக்கே வந்து நின்றேன். ஆஃப்டர்மார்க்கெட் (கார் கம்பெனி அல்லாத வேறு நிறுவனம் செய்தது) என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. சில வண்டிகளுக்கு அதுதான் சரி. நான் யோசித்த வரிசைதான் தலைகீழ். நீங்கள் இந்த வரிசையில் போங்கள்.

1. பானெட்டைத் திறப்பதற்கு முன் கையேட்டைத் திறங்கள்

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பார்ட் நம்பர், எத்தனை ஃபில்டர், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

"எத்தனை" என்பதைச் சும்மா சொல்லவில்லை. 370ஸீயில் இரண்டு ஏர் ஃபில்டர். நிசான் ஜிடி-ஆர் ஆர்35-லும் இரண்டு. நான் ஒரு பெட்டி வாங்கி வந்து, ஒரு பக்கம் மாட்டிவிட்டு, மறுபக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். விலையை ஒப்பிடும்போதும் இதே குழப்பம் வரும். ஒரு கடையில் போட்டிருப்பது ஒற்றை ஃபில்டரின் விலை, இன்னொரு கடையில் ஜோடியின் விலை. கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

பார்ட் நம்பரை வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து உறுதி செய்யுங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் இடையில் ஏர் பாக்ஸ் (ஃபில்டர் உட்காரும் பெட்டி) மாறியிருக்கலாம். வெளியில் ஒரே அளவாகத் தெரியும், விளிம்பு ரப்பர் இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கும், மூடியும் கிளிப்பும் பிரச்சினையில்லாமல் பூட்டிக்கொள்ளும். உள்ளே காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும்.

கையேட்டில் கால இடைவெளி பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கும்: சாதாரண ஓட்டம், கடினமான ஓட்டம். தூசி நிறைந்த சாலையில் ஓட்டுகிறவர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

2. எதற்காக மாற்றுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

பவரா, சத்தமா, செலவா, ஒரிஜினல் கிடைக்காததாலா? "எல்லாம்தான்" என்று எழுதினால் என்னைப் போல மாட்டிக்கொள்வீர்கள்.

பவர் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கணக்குப் போடலாம். 3.7 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் நிமிடத்துக்குச் சுமார் 13,900 லிட்டர். அதாவது விநாடிக்கு 230 லிட்டர், ஒரு பெரிய இரும்பு பேரலுக்கும் மேல். இவ்வளவு காற்று காகிதம் வழியாகப் போக வேண்டுமென்றால் தடை இருக்கத்தான் செய்யும். எவ்வளவு தடை என்பதுதான் கேள்வி.

அதை அளக்க ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றை 'யு' வடிவில் வளைத்துப் பாதியளவு தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் இணையுங்கள், மறுமுனை திறந்தே இருக்கட்டும். இன்ஜின் இழுக்க இழுக்க ஒரு பக்கத் தண்ணீர் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் தடை 1 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 1 சதவீதம். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத இன்ஜினில் அதிகபட்ச பவரில் போகும் இழப்பும் ஏறத்தாழ அதே 1 சதவீதம்தான். புதுக் காகித ஃபில்டருக்கும் புதுப் பருத்தி ஃபில்டருக்கும் நடுவே 5 செ.மீ. வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். 330 குதிரைத்திறனில் அது ஒன்றரைக் குதிரை. அதுவும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, மீட்டர் சிவப்புக் கோட்டைத் தொடும்போது. டைனோவில் (பவரை அளக்கும் இயந்திரம்) ஒரே வண்டியை அடுத்தடுத்து ஓட்டினாலே இதைவிட அதிகமாக எண்கள் ஆடும். (இந்தச் சோதனையை டைனோவிலோ மூடிய பந்தயத் தடத்திலோ செய்யுங்கள். பொதுச் சாலையில் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டே முழு வேகம் போவதெல்லாம் வேண்டாம். குழாய்க்காக ஓட்டை போட்டிருந்தால் முடிந்ததும் காற்று புகாமல் அடையுங்கள்.)

டர்போ இன்ஜினில் ஃபில்டர் தடை கொஞ்சம் கூடினால் டர்போ இன்னும் கொஞ்சம் சுழன்று ஈடுகட்டிவிடும். பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கூட்டி ட்யூன் செய்து, டர்போ தன் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் தடை குறைந்த ஃபில்டர் உண்மையில் பலன் தரும்.

மைலேஜ் என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நவீன எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியும் மைலேஜில் சொல்லும்படி மாற்றம் வரவில்லை. பிக்கப் மட்டும் கூடியது. காரணம் எளிது. சாதாரணமாக ஓட்டும்போது த்ராட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) தானே பாதி மூடிக்கொண்டு காற்றைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் தடுத்தால் த்ராட்டில் அந்த அளவுக்குக் கூடுதலாகத் திறந்துகொள்ளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய அழுக்குக் காகிதத்தைக் கழற்றிவிட்டுப் புதுப் பருத்தி ஃபில்டரை மாட்டி, "பிக்கப் பிரமாதம்" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். புதுக் காகிதத்தை மாட்டியிருந்தாலும் அதே பிரமாதம்தான். போதாக்குறைக்கு, காற்று இழுக்கும் சத்தம் கூடினால் வண்டி வேகமாகப் போவது போலவே தோன்றும். சத்தம்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. அந்த ஒரு வரியில் சத்தம் என்று எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரிஜினல் என்றால் பெரும்பாலும் மடிப்புக் காகிதம், அல்லது செயற்கை இழை கலந்த காகிதம். கழுவ முடியாது.

பலர் தவறவிடுவது ஒரிஜினலுக்கும் ஆஃப்டர்மார்க்கெட்டுக்கும் நடுவில் உள்ள வழியை. மான், மாலே போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் ஃபில்டர் செய்து தருகின்றன, தங்கள் பெயரிலும் விற்கின்றன. உங்கள் வண்டியின் ஒரிஜினல் ஃபில்டரில் தயாரிப்பாளரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கார் கம்பெனி முத்திரை இல்லாத அதே தயாரிப்பாளரின் ஃபில்டர் பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நான் இப்போது செய்வது இதைத்தான்.

எண்ணெய் தடவிய பருத்தி (கே அண்ட் என், பிஎம்சி போன்றவை) கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். தடை குறைவு. தூசியைப் பிடிக்கும் வேலை பாதி அந்த எண்ணெயுடையது. அதனால் எண்ணெயின் அளவு பிசகினால் ஃபில்டரே பிசகியது மாதிரி. ஃபோம் வகைக்கும் எண்ணெய் உண்டு. வருடக்கணக்கில் கழுவாமல் விட்டால் ஃபோம் நொறுங்கி உள்ளே போகும், ஜாக்கிரதை. எண்ணெய் வேண்டாத செயற்கை இழை வகையும் உண்டு. ஆஃப்டர்மார்க்கெட்டுக்குத்தான் போவேன் என்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இவை எல்லாம் இருக்கும் ஏர் பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் பேனல் ஃபில்டர்கள். ஏர் பாக்ஸையே எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் மாட்டும் கிட் முற்றிலும் வேறு கதை. காற்றின் வெப்பம் 3 டிகிரி கூடினால் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். இன்ஜின் அறைக்குள் திறந்து கிடக்கும் கூம்பு, வெளிக்காற்றைவிட 20 டிகிரி சூடான காற்றை இழுத்தால் அடர்த்தியில் 6 சதவீதத்துக்கு மேல் போச்சு. தடையில் அரை சதவீதம் மிச்சப்படுத்தி இங்கே ஆறைக் கொடுப்பது என்ன கணக்கு? ஓபிடி ஸ்கேனரில் (இன்ஜின் கணினியின் எண்களைக் காட்டும் கருவி) உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நெரிசலில் நின்று கிளம்பும்போது பாருங்கள்.

இதற்கு மாற்றாக ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே இறக்கும் கிட்களும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் ஏற்கெனவே தரையோடு தரையாகப் போவது. தேங்கிய தண்ணீரில் அந்த ஃபில்டர் மூழ்கினால் இன்ஜின் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, அதனால் வளைவது பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு.

4. சோதனை அறிக்கையைக் கேளுங்கள்

"50 சதவீதம் அதிகக் காற்று" என்ற வரியைப் பார்த்து நானும் மயங்கினேன். இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத்தான் இழுக்கும். ஃபில்டர் கூடுதலாக விடத் தயாராக இருந்தால் மட்டும் அது உள்ளே போய்விடாது.

கேட்க வேண்டியது ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவு. ஏர் ஃபில்டருக்கான பொதுத் தரச் சோதனை அது. தூசி பிடிக்கும் திறன், தடை, எவ்வளவு தூசி தாங்கும் என்ற மூன்றையும் அதில் அளப்பார்கள். அறிக்கை வந்ததும் எந்தத் தூசியால் சோதித்தார்கள் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 12103-1 தரத்தில் ஏ2 என்பது நுண்தூசி, ஏ4 என்பது பெருந்தூசி. பெருந்தூசியால் சோதித்தால் எந்த ஃபில்டரும் நல்ல மதிப்பெண் வாங்கும். ஒரு ஃபில்டரின் ஏ4 எண்ணை இன்னொன்றின் ஏ2 எண்ணோடு ஒப்பிடாதீர்கள். எவ்வளவு காற்றோட்டத்தில் சோதித்தார்கள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து, சதவீதத்தைத் தலைகீழாகப் படியுங்கள். 99 சதவீதம், 98 சதவீதம் என்றால் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். நூறு கிராம் தூசியில் முதலாவது விடுவது 1 கிராம், இரண்டாவது 2 கிராம். இன்ஜினுக்குள் இரண்டு மடங்கு மண். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அது உப்புத்தாள் வேலை செய்யும். 99.5, 97 என்றால் ஆறு மடங்கு.

இன்னொன்று: காகித ஃபில்டரில் தூசி படியப் படிய அது நுண்தூசியை இன்னும் நன்றாகப் பிடிக்கும், தடையும் மெல்லக் கூடும். அதனால் லேசாகக் கறுத்ததற்கெல்லாம் மாற்ற வேண்டாம். காம்ப்ரஸர் காற்றடித்து "சுத்தம்" செய்வது அதைவிட மோசம். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழலாம்.

அறிக்கை தராதவரிடம் வாங்காதீர்கள் என்று கறாராகச் சொல்ல மாட்டேன். ஒரிஜினலுக்கும் அது எளிதில் கிடைக்காது. ஆனால் கார் கம்பெனி தன் வாரண்டியை அந்த ஃபில்டரை நம்பித்தான் தருகிறது. புதிதாக ஒன்றை விற்கிறவர்தான் எண்ணைக் காட்ட வேண்டும்.

5. செலவை உங்கள் ஓட்டத்துக்குக் கணக்குப் போடுங்கள்

"வாழ்நாள் ஃபில்டர், ஒருமுறை வாங்கினால் போதும்." சரி, எத்தனை வருட வாழ்நாள்? காகிதம் ஒன்றின் விலையை 1 என்று வையுங்கள். பருத்தி 4, கழுவும் திரவமும் எண்ணெயும் சேர்ந்த கிட் 1 என்று கொள்வோம் (உங்கள் கடையில் கேட்டு இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்). மொத்தம் 5. காகிதத்தை 25,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால், போட்ட காசு திரும்ப 1,25,000 கி.மீ. ஓட வேண்டும். வார இறுதியில் மட்டும் எடுத்து வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது பதினைந்து வருடத்துக்கும் மேல். அதற்குள் வண்டியை விற்றிருப்பீர்கள். எண்ணெய் பாட்டில் தீர்ந்து இன்னொன்று வாங்கியிருந்தால் கணக்கு இன்னும் தள்ளிப்போகும். தினமும் நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கும், மாதாமாதம் தடத்தில் இறக்குகிறவருக்கும் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

நேரமும் செலவுதான். காகிதம் மாற்ற ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம். பருத்தியைக் கழுவினால் அது காயும் வரை வண்டி நிற்கும். ராத்திரி முழுக்கக் காய விடுவது நல்லது.

6. பில்லையும் குறிப்புகளையும் சேர்த்து வையுங்கள்

பில், ஃபில்டரின் பார்ட் நம்பர், மாட்டிய தேதி, அப்போதைய கிலோமீட்டர். இவை நான்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். நீங்களே மாட்டினாலும் மீட்டரையும் திறந்த ஏர் பாக்ஸையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வாரண்டி உள்ள வண்டி என்றால் வாரண்டிப் புத்தகத்தில் வேறு தயாரிப்பாளரின் பாகங்களைப் பற்றிய பத்தியை வாங்குவதற்கு முன் படியுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவில் 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வேறு கம்பெனி பாகம் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் பழுதுக்கு அந்தப் பாகமே காரணம் என்று காட்டினால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். ஃபில்டர் எண்ணெய் படிந்த சென்சார் அப்படிக் காட்டுவதற்கு மிக எளிதான பழுது.

பேனல் ஃபில்டர் பொதுவாக யார் கண்ணையும் உறுத்தாது. முழு கிட் என்றால் காப்பீட்டில் மாற்றங்களைத் தெரிவிக்கச் சொல்லும் பத்தியையும், உங்கள் இடத்துப் புகைச் சோதனை விதியையும் பார்த்துவிடுங்கள். கழற்றிய ஒரிஜினல் ஏர் பாக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டியை விற்கும் நாளில் அதைத் தேடுவீர்கள்.

7. மாட்டும்போது

இன்ஜின் ஆறட்டும். ஏர் பாக்ஸ் மூடியைத் திறந்ததும் பழைய ஃபில்டரை உடனே உருவாதீர்கள். முதலில் சுற்றியுள்ள இலை, மண், செத்த பூச்சி எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். உருவிய பிறகு, இன்ஜின் பக்கம் போகும் குழாயின் வாயில் சுத்தமான துணியை வையுங்கள். கடைசியில் அதை எடுக்க மறக்காதீர்கள், சிரிக்காதீர்கள், மறந்தவர்கள் உண்டு.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், உயரம், விளிம்பு ரப்பரின் கனம், மடிப்புகளின் நெருக்கம். மடிப்பு வெகுவாகக் குறைவாகவோ, ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாகவோ இருந்தால், பெட்டியில் எந்த முத்திரை இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். போலிகள் பெட்டியைத்தான் கச்சிதமாகச் செய்கின்றன.

மூடியைப் பூட்டும்போது கிளிப்பை அடித்து ஏற்ற வேண்டி வந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

8. கழுவும் வகை வாங்கினால், இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்

நான் கோட்டை விட்டது இங்கேதான். நான் வாங்கிய பருத்தி ஃபில்டர்களைக் கழுவினேன், மேலே தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரி இருந்தது. மடிப்புக்குள் ஈரம் இருந்திருக்கிறது. எண்ணெய் அடித்தபோது சிவப்பு நிறம் திட்டுத்திட்டாக நின்றது. பரவவில்லையே என்று இன்னொரு சுற்று அடித்தேன். அரைமணி நேரத்தில் மாட்டிவிட்டேன். நான்காம் நாள் செக் இன்ஜின் விளக்கு. பிழைக் குறியீடு பி0171, அதாவது கலவையில் எரிபொருள் குறைவு. ஒரு பணிமனையில் காட்டினேன். ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டுத்தான், முதலில் ஃபில்டர் பக்கம் பார்ப்போமே என்று வீட்டுக்கு வந்தேன்.

காற்றளவு சென்சார்கள் இரண்டையும் கழற்றினேன். ஒன்றில் கம்பி மேல் பிசுபிசுவென்று ஒரு பளபளப்பு, அதில் மாவு ஒட்டியது போலத் தூசி. மற்றது சுத்தம். இரண்டாவது ஃபில்டருக்கு வரும்போது பாட்டிலில் எண்ணெய் தீர்ந்துபோனதுதான் அந்தப் பக்கம் தப்பியதற்குக் காரணம்!

அந்தக் கம்பி சூடாகவே இருக்கும். காற்று பட்டுக் குளிரும் அளவை வைத்துத்தான் எவ்வளவு காற்று போகிறது என்று இன்ஜின் கணினி கணிக்கிறது. எண்ணெய்த் தூசி போர்வை போலப் போர்த்தினால், போகும் காற்று குறைவாகத் தெரியும், பெட்ரோலும் குறைவாகப் போகும். சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவி, கம்பியைத் தொடாமல், முழுக்க உலர்ந்த பின் மாட்டியதும் அந்தக் குறியீடு திரும்ப வரவில்லை.

சரியான முறை இது. அந்த ஃபில்டருக்கென்று உள்ள திரவத்தை அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள், உலர விடாதீர்கள். வேகம் இல்லாமல் மெல்ல விழும் தண்ணீரில் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கிக் கழுவுங்கள். ஹேர் டிரையர், காம்ப்ரஸர் எதுவும் வேண்டாம், நிழலில் தானே காயட்டும். எண்ணெயை மடிப்புக்கு ஒரு கோடு மட்டும் விடுங்கள். இருபது நிமிடம் காத்திருங்கள். வெளுத்த இடம் இருந்தால் அங்கே மட்டும் தொட்டு வையுங்கள். பிறகு வெள்ளைத்தாள் மேல் ராத்திரி முழுக்கச் சாய்த்து வையுங்கள். காலையில் தாளில் கறை இருந்தால் எண்ணெய் அதிகம், இன்னும் மாட்டாதீர்கள்.

9. ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஒரு பார்வை

ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் உள்ள குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நல்லது. ஒரு மூலையில் மட்டும் சாம்பல் கோடு வந்தால் அந்த மூலையில் விளிம்பு சரியாக அமரவில்லை. சுற்றிலும் சாம்பலாக வந்தால் ஃபில்டரே விடுகிறது.

ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தம் என்று ஒரு எண் வரும், கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பது அது. அதையும் மாட்டுவதற்கு முன் ஒருமுறையும் இப்போது ஒருமுறையும் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி ஐந்துக்குள் ஆடினால் கவலை இல்லை. பத்தைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே போனால் விளக்கு எரியும் வரை காத்திருக்காமல் சென்சாரைப் பாருங்கள்.

அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்ப முடிந்தால் சிலிக்கான் அளவைக் கவனியுங்கள். மண் உள்ளே போனால் அது கூடும். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். புது கேஸ்கெட் பசையிலிருந்தும் சிலிக்கான் வரும். ஃபில்டர் மாற்றுவதற்கு முந்தைய அறிக்கையும் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

அதுவரை பழைய ஃபில்டரைப் பையில் கட்டி வைத்திருங்கள். புதிதின் விளிம்பில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுங்கள். என் வண்டியில் இப்போது இரண்டு ஃபில்டரிலும் எழுதியிருக்கிறது.